சின்ன மலை

என் மகள் ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்தாள். அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுடைய பேராசிரியருக்குப் பிந்தித் தெரிந்தது. வேறு ஒருவருக்கும் தெரியாது. இதை எழுதலாமோ என்று போன கிழமை தொலைபேசியில் அவளிடம் கேட்டேன். "எழுதுங்கோ அம்மா, இனி ஆருக்கு என்ன?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டபிறகு எழுதாமல் விடுவோம் என்றுதான் இருந்தேன். மனம் கேட்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலுபேர் கூடின இடத்தில் வாய் திறக்கமாட்டேன். கோவிலில்கூட வரிசையின் கடைசியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். எழுதுவது எனக்குக் கதைப்பதைவிட லேசு. ஒருவருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

மகள் சுவிஸில், துன் நகரத்தில் பிறந்தாள். அவளுடைய அப்பா இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்தார். அவர் மாரடைப்பில் போனபிறகு நானும் அவளும் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனுக்கு வந்தோம். அங்கே நான் அலுவலகங்கள் துப்புரவு செய்தேன். அவள் சூரிச்சில் வேதியியல் படித்தாள். ஒரு படிப்பு முடிந்ததும் அடுத்தது, அதற்குப் பிறகு டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. "டாக்டர் எண்டால் ஊசி போடுற டாக்டரோ?" என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். "இல்லை, மற்ற டாக்டர்" என்று சொல்வேன். மற்றது என்னவென்று எனக்கும் அப்போது தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் வைத்து அவள் எனக்கு அதை விளங்கப்படுத்தினாள். அதற்கு ஒரு பழைய கதையைப் பிடித்தாள்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கடையில் க்யூமல் என்று ஒரு போத்தல் இருந்தது. பார்வைக்கு அச்சு அசல் நற்சீரகம். வாங்கிவந்து இடித்து ரசம் வைத்தேன். அவளுடைய அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னப்பா, ரசத்துக்குள்ள சவுக்காரம் விழுந்திட்டுதோ?" என்றார். சோப்பு மணம் அடித்த முழுப்பானையையும் கொட்டினேன். இங்கே பாணுக்கு மா குழைக்கும்போது போடுகிற அந்த விதை வேறு சாதி என்று பிறகுதான் தெரிந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேர் வந்த புதிதில் அந்தப் பிழையை விட்டிருக்கிறோம். அவர் இருந்தவரைக்கும், நான் எதைச் சமைத்தாலும் "சவுக்காரம் போடேல்லைத்தானே?" என்று கேட்பார்.

மகள் அன்றைக்கு ஒரு பிடி க்யூமலையும் தன்னுடைய புதினாச் சுவிங்கத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "மணந்து பாருங்கோ" என்றாள்.

மணந்தேன். ஒன்று என்னுடைய பழைய ரசம். மற்றது புதினா.

"இந்த ரெண்டு மணமும் ஒரே சாமானால வாறது அம்மா. உள்ளுக்குள்ள இருக்கிறதெல்லாம் ஒண்டுதான். கண்ணாடியில பார்த்த மாதிரி மட்டும் மாறி நிக்குது. ஒண்டு வலக்கை, மற்றது இடக்கை."

"அதெப்பிடிப் பிள்ளை? ஒண்டை நான் பானையோட கொட்டினன். மற்றதை நீ வாயில போட்டுச் சப்புறாய்."

"அதைத்தான் சொல்லுறன். மூக்குக்கே வித்தியாசம் தெரியுது. உடம்புக்குத் தெரியாதோ? மருந்திலயும் அப்பிடித்தான். ஒரு கை வருத்தத்தை மாத்தும். மற்றக் கை சும்மா கிடக்கும், இல்லாட்டிக் கெடுதல் செய்யும்."

சாதாரணமாகச் செய்தால் வலதும் இடதும் சரிபாதியாகத்தான் வருமாம். பாதியைப் பிரித்து எறியவேண்டும். ஒரு கை மட்டும் உண்டாகிற மாதிரிச் செய்வதற்கு வழி தேடுவதுதான் என் மகளின் வேலை. அதற்கு ஒரு சின்ன உதவியாளைச் சேர்ப்பார்கள், ஊக்கி என்று பெயர். அது நடுவில் நின்று, இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் போகாதே என்று வழி விடும். தான் செலவழியாது. அந்த ஊக்கியை எப்படிக் கட்டினால் அது பிழைவிடாமல் வழி காட்டும் என்பதைத்தான் அவள் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கையுறை ஞாபகம் வந்தது. துப்புரவு வேலையில் வலக்கை றப்பர் கையுறை கெதியாய்க் கிழிந்துபோகும். இடது மிஞ்சும். மிஞ்சின இடதை உட்புறம் வெளியே வரப் புரட்டினால் அது வலக்கைக்குச் சரியாக வரும். எங்களோடு வேலை செய்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்வார்கள். அதைச் சொன்னேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அது மட்டும் எங்களுக்கு ஏலாது அம்மா. புரட்டினால் கிழிஞ்சிடும். ஆரம்பத்திலயே வலக்கையாத்தான் தைக்கவேணும்."

இடதும் வலதும் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு யந்திரம் இருந்தது. அது ஒரு கோடு கீறும். வலது வந்தால் ஒரு மலை, இடது வந்தால் இன்னொரு மலை. முதல் நாட்களில் அவள் போனில் காட்டிய படத்தில் இரண்டு மலையும் ஒரே உயரம். துன் ஏரிக்கரையில் நின்று பார்க்கிற மலைகள் மாதிரி இருந்தது. இரண்டில் ஒன்று தரையோடு தரையாகப் போகவேண்டும். அதுதான் கணக்கு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதுதான் கதை. அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே நான் குசினிக்குள் இருந்து கேட்பேன்.

"மலை எப்பிடி?"

"சின்ன மலை இன்னும் நிக்குது அம்மா."

"குறைஞ்சிருக்கோ?"

"ஒரு முடியளவு."

குளிரில் வைத்தால் ஊக்கி அவசரப்படாமல் வேலை செய்யும் என்று ஐஸ் பெட்டியைவிடக் குளிராக வைத்துப் பார்த்தாள். மலை குறைந்தது. கரைக்கிற திரவத்தை மாற்றினாள். திரும்ப வளர்ந்தது. "சனியன்" என்று திட்டினாள். ஊக்கியின் ஒரு பக்கத்தில் பெரிய கிளை ஒன்றைச் சேர்த்தாள். அது ஏன் என்று கேட்டேன்.

"ஒடுக்கமான ஒழுங்கைக்குள்ள ஒரு பக்கம் அலுமாரியை வைச்சால் ஆக்கள் எந்தப் பக்கத்தால வருவினம்?"

"மற்றப் பக்கத்தால."

"அவ்வளவுதான் அம்மா. நான் அலுமாரி வைக்கிறன்."

அலுமாரி சில நாள் பெரிதாகிவிடும். ஒருவரும் வரமாட்டார்கள். மலையே இல்லை, வெறும் கோடு. அந்த நாட்களில் அவள் சாப்பிடாமல் படுப்பாள்.

இதில் அவளுக்கு என்ன இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பட்டம் எப்படியும் கிடைக்கும். ஆனால் அவளுக்குப் பட்டம் மட்டும் போதாது. ஆராய்ச்சியிலேயே இருக்கவேண்டும், தனக்கென்று ஒரு ஆய்வுகூடம் வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசை. அதற்கு ஒரு கதவு திறக்கவேண்டும். இந்தச் சின்ன மலையை முதலில் விழுத்துகிற ஆளாக அவள் இருந்தால் அந்தக் கதவு திறக்கும். வேறு நாடுகளிலும் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் சொல்லியிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. எங்கள் குடும்பம் என்ன, எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் இருக்கிறது. நல்ல காரியத்தை முழுதாக முடியுமுன் வெளியில் சொல்லமாட்டோம். மற்றவர்களின் கண்ணூறு பட்டுவிடும். விசா அட்டை கையில் கிடைக்கும்வரைக்கும் அவளுடைய அப்பா கூட வேலை செய்தவர்களிடம்கூட மூச்சு விடவில்லை. இவள் வயிற்றில் இருந்தபோது நான் வெயில் காலத்திலும் பெரிய கோட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தேன். "என்ன விசேஷம்?" என்று கேட்டால் "ஒண்டும் இல்லை, பாப்பம்" என்பதுதான் பதில். மேல்பள்ளிச் சோதனையில் பாஸ் பண்ணினபோது, முதல்நாள் பையைத் தூக்கிக்கொண்டு போகும்வரைக்கும் அவளும் ஒரு சிநேகிதிக்கும் சொல்லவில்லை. இந்த நாட்டில் பிறந்தவள்தான், இந்த நாட்டு மொழியில் கனவு காண்பவள்தான். ஆனாலும் அது அவளுக்குள் இருந்தது. ஒருவரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை.

பனி கரைந்த காலத்தில் ஒரு நாள் அவள் வேலையால் வந்தாள். நான் வழக்கம்போல, "மலை எப்பிடி?" என்றேன். குசினிக்குள் வந்து, மேசையின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக வைத்தாள். தட்டையாக.

"சின்ன மலை?"

"இல்லை அம்மா."

"இல்லையெண்டால்?"

"இல்லை. தேடிப் பார்த்தாலும் இல்லை. திரும்பச் செய்தன், இல்லை. வேற போத்தலில செய்தன், அப்பவும் இல்லை."

போனை நீட்டினாள். ஒரே ஒரு மலை. பக்கத்தில் மேசை மாதிரிச் சமதரை. இரண்டு பேரும் அந்தச் சமதரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். அவளுடைய அப்பாவின் படத்துக்கு முன்னால் அந்தப் போனைக் கொண்டுபோய்க் கொஞ்சநேரம் பிடித்தேன். "என்னம்மா, அப்பாவுக்கு விளங்குமோ?" என்று பின்னால் நின்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு சொன்னாள்: "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா. நானும் இன்னும் அங்க சொல்லேல்லை. வேற வேற சாமானில எல்லாம் செய்து பார்த்தன், எல்லாம் வருகுது. ஒண்டு மட்டும் வழிக்கு வருகுதில்லை. அதுவும் வரட்டும். முழுசா முடியட்டும்."

முழுசா முடியட்டும். அது எங்கள் வீட்டுச் சொல். இந்த நாட்டுப் பிள்ளையின் வாயில் அது வந்தபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. என் பிள்ளை என் பிள்ளையாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்புத்தான் என்னைத் தின்கிறது.

அவளை இருத்தி, உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றி, அடுப்பில் சட்டியை வைத்து அதற்குள் போட்டேன். மேலே இருந்த புகை மணி கத்தத் தொடங்கிவிட்டது. கீழ்வீட்டுச் சுவிஸ் கிழவி ஓடிவந்து கதவைத் தட்டினா. மகள் இருமிக்கொண்டே போய், சாப்பாடு அடிப்பிடித்துவிட்டது என்று சொன்னாள். கிழவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீங்கள் இதைச் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டாவாம். அன்றைக்குச் சிரித்த மாதிரி நாங்கள் இரண்டு பேரும் பிறகு சிரித்ததில்லை.

அதற்குப் பிறகு சில கிழமைகள் நல்லாயிருந்தது. அந்த வழிக்கு வராத ஒன்றோடு அவள் மாரடித்தாள். பேராசிரியர் கேட்டால் பழைய படத்தைக் காட்டி, "குறைந்துகொண்டு வருகிறது" என்று சொல்வாள். வீட்டுக்கு வந்து எனக்கு அதை நடித்துக் காட்டுவாள். அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படத்தைப் பார்ப்பதை, "குட், குட்" என்று தலையாட்டுவதை. "பாவம் பிள்ளை, அந்த ஆளுக்கெண்டாலும் சொல்லலாம்தானே" என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஒரேயடியாச் சொல்லுவன் அம்மா. ஆள் இருக்கிற கதிரையால விழவேணும்" என்றாள்.

ஒரு நாள் மத்தியானம் நான் பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அவள் அந்த நேரத்தில் ஒருநாளும் வந்ததில்லை. குசினிக்குள் வந்து நின்றாள். காலில் சப்பாத்து இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் சப்பாத்தோடு உள்ளே வருவதில்லை. அதைப் பார்த்ததும் ஆரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"என்ன பிள்ளை?"

"வேற ஆக்கள் செய்திட்டினம் அம்மா."

"என்னத்தை?"

"சின்ன மலையை. கட்டுரையா வெளியில போட்டிட்டினம். வேலையில நிக்கேக்க போனில பார்த்தன். அதே ஊக்கி. அதே கிளை. என்ர அலுமாரி அம்மா."

எனக்கு உடனே விளங்கவில்லை. "நீயும்தானே செய்தனீ? அவையும் செய்திச்சினம், நீயும் செய்தனீ. ரெண்டு பேரும் எண்டு இருக்கட்டுமன்."

"அப்பிடி இல்லை அம்மா. முதல் சொன்ன ஆள்தான் செய்த ஆள்."

"உன்னட்டப் படம் இருக்குது."

"இருக்குது. இப்ப சொன்னால், அவையின்ரயைப் பார்த்துப்போட்டுச் செய்ததெண்டுதான் நினைப்பினம். பார்க்காட்டிலும் பிந்தினது பிந்தினதுதான். அந்த வழிக்கு வராத ஒண்டு இருக்கெல்லோ, அவைக்கும் அது வரேல்லை. வரேல்லை எண்டு எழுதிப்போட்டே வெளியில விட்டிருக்கினம். அப்பிடியும் விடலாம் அம்மா."

அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. பிட்டுப் பானையில் தண்ணீர் வற்றிக் கருகுகிற மணம் வந்தது. நான் அடுப்பை நிற்பாட்டப் போகவில்லை. அவளுடைய காலடியில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன். சின்னப்பிள்ளையில் அவிழ்த்த மாதிரி, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தந்தாள்.

அடுத்த நாள் பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கோபிக்கவில்லையாம். படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். இது கிடைத்த கிழமையே சொல்லியிருந்தால் அந்தக் கிழமையே அனுப்பியிருக்கலாம் என்றாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னனீ?" என்றேன்.

"நான் என்னத்தைச் சொல்ல? கண்ணூறு எண்டு அந்த மனுசனுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது? முழுசா முடியட்டும் எண்டு இருந்தன் எண்டு சொன்னன். அவருக்கு அது பெருமை பிடிச்ச கதை மாதிரித்தான் கேட்டிருக்கும்."

பட்டத்துக்கு எழுதுகிற புத்தகத்தில் அதையும் போடு என்று அவர் சொன்னார். பார்த்துச் செய்தவள் என்ற பேர் வேண்டாம் என்று அவள் மறுத்துவிட்டாள். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றும் அவரைக் கேட்டுக்கொண்டாள். முன்பு செய்த சின்ன வேலைகளை வைத்து எழுதி முடித்தாள்.

ஒரு வீட்டில் சாவு என்றால் எங்கள் ஆட்கள் சோறு கறியோடு வந்துவிடுவார்கள். தேத்தண்ணி போட்டுத் தருவார்கள், பக்கத்தில் இருந்து அழுவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. வந்த சந்தோஷத்தை ஒருவரும் அறியாதபோது, அது போன துக்கத்துக்கு ஆர் வருவது? கோவிலில் கண்ட ஒரு அக்கா மட்டும் கேட்டா.

"மகளின்ர படிப்பு எப்பிடிப் போகுது?"

"போகுதக்கா."

"நீங்கள் ஒண்டையும் வாய்விட்டுச் சொல்லாத ஆக்கள். ஒருநாளைக்குத் திடீரெண்டு நோபல் பரிசு எண்டு பேப்பரில பார்த்துத்தான் நாங்கள் அறியவேணும் போல!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தீர்த்தத்தை வாங்கிக் குடித்துவிட்டு வெளியில் வந்தேன்.

பட்டம் கொடுத்த நாளன்று சேலை உடுத்திக்கொண்டு போனேன். பின்வரிசையில் இருந்தேன். அவள் தன் ஆராய்ச்சியைப் பற்றி இங்கிலீசில் கதைத்தாள், கேள்விக்குப் பதில் சொன்னாள், எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு ஒரு அறையில் மேசைகளில் வைனும் பாணும் சீஸும் வைத்திருந்தார்கள். இங்கே ஒரு பழக்கம்: பட்டம் எடுத்தவருக்குக் கூட வேலை செய்தவர்கள் கையால் ஒரு தொப்பி செய்து போடுவார்கள். மட்டையால் செய்து, அவருடைய கதைகளை எல்லாம் அதில் ஒட்டுவார்கள். மகளுக்கும் செய்திருந்தார்கள். ஒரு சின்னச் சோற்றுச் சட்டி, ஒரு ரயில், அவள் ஆய்வுகூடத்தில் போடுகிற கம்பளிச் சால்வையின் துண்டு. உச்சியில் இரண்டு மலை. ஒன்று பெரிது, பஞ்சால் பனி வைத்திருந்தது. பக்கத்தில் ஒன்று சின்னது.

அவளுடைய தலையில் வைத்தபோது எல்லாரும் கத்திச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கூட வேலை செய்த உயரமான பெடியன் ஒருவன் என்னிடம் வந்தான். நல்ல பிள்ளை. எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக ஜெர்மனில் சொன்னான். இந்தச் சின்ன மலையோடு உங்கள் மகள் எத்தனை வருஷம் சண்டை பிடித்தாள் தெரியுமா என்றான். அது கடைசிவரைக்கும் போகவில்லை, பரவாயில்லை, அவள் கெட்டிக்காரி என்றான்.

அது போய்விட்டது மகன், அவள் அதை விழுத்திவிட்டாள், நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்தது. மொழியும் இல்லை, துணிவும் இல்லை. மகள் அந்தப் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்தாள். நான், "யா, யா, டங்கே" என்று நன்றி சொன்னேன். அவன் என் கையில் ஒரு துண்டுப் பாண் எடுத்துத் தந்தான். கடித்தேன். உள்ளே க்யூமல். என்னுடைய பழைய ரசத்தின் மணம். விழுங்கினேன்.

வீட்டுக்கு வந்து தொப்பியை மேசையில் வைத்துவிட்டு அவள் குளிக்கப் போனாள். நான் சின்னக் கத்தியை எடுத்துவந்தேன். சின்ன மலையின் அடியில் மெதுவாகக் கொடுத்துக் கிளப்பினேன். பசை பாதி விட்டது. அப்போது அவள் ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"என்னம்மா செய்யுறீங்கள்?"

"இது இதில நிக்கக்கூடாது பிள்ளை."

வந்து என் கையில் இருந்த கத்தியை வாங்கி வைத்தாள். மலையை விரலால் அமத்தினாள்.

"விடுங்கோ அம்மா. இது நிக்கட்டும். எடுத்தால் ஏன் எடுத்ததெண்டு கேப்பினம். பிறகு சொல்லவேண்டி வரும்."

இப்போது அவள் பேர்னில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறாள். மற்றவர்கள் கண்டுபிடித்தோம் என்று கொண்டுவருகிறதை, அது புதிதா, முதலில் வேறு யாரும் செய்தார்களா என்று பார்த்துச் சொல்கிற வேலை. நல்ல சம்பளம், நேரத்துக்கு வீடு. இடைக்கிடை ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். சப்பாத்தை வாசலில் கழற்றும்போது பழைய கேள்விக்கு என் வாய் தன்பாட்டில் திறக்கும். பிறகு, "சாப்பிடுவியோ?" என்று கேட்பேன். வேலை எப்படி என்றால், "போகுதம்மா" என்பாள். அந்தச் சொல்லைக் கோவிலில் நான் சொன்ன மாதிரியே சொல்கிறாள்.

தொப்பியை அவள் கொண்டுபோகவில்லை. என் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. தூசி துடைக்க எடுக்கும்போது பெரிய மலை அசையாது. சின்னது மட்டும் ஆடும், நான் கத்தி கொடுத்த இடத்தில். நான் அதை ஒட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை.